முதல் கார்: அழகும் வேண்டும், விலையும் குறையக்கூடாது

ஒரு குடும்பம் வாங்கும் முதல் கார் சாதாரணப் பொருள் அல்ல. அது பல ஆண்டுச் சேமிப்பு. சிலர் வங்கிக் கடன் வாங்கிக் கார் வாங்குகிறார்கள். சிலர் பழைய கார் வாங்குகிறார்கள்.

1983 டிசம்பரில் மாருதி 800 கார் வந்தது. 2014 வரை அது தயாரிக்கப்பட்டது. இந்தியாவில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அதுவே முதல் கார். அந்தக் கார்களில் பல இரண்டு, மூன்று கை மாறின. முதல் சொந்தக்காரர் விற்ற பணம் அவருடைய அடுத்த காருக்கு முன்பணம் ஆனது. இல்லாவிட்டால் வீட்டுச் செலவுக்கு உதவியது.

இன்றும் அப்படித்தான். முதல் காரையே கடைசி வரை வைத்திருப்பவர் குறைவு. ஒரு நாள் அதை விற்க வேண்டி வரும். அன்று என்ன விலை கிடைக்கும்? அது இன்று காருக்கு என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஆசை தவறு அல்ல

கார் வீட்டுக்கு வந்ததும் அதை அழகு செய்ய ஆசை வரும். புதிய சீட் கவர் போடலாமா? பாட்டுப் பெட்டி மாற்றலாமா? பளபளக்கும் சக்கரம் போடலாமா? இப்படிப் பல எண்ணங்கள் வரும்.

இதற்கென்றே பெரிய கடைத்தெருக்கள் இருக்கின்றன. தில்லியில் கரோல் பாக், பெங்களூருவில் ஜே.சி. சாலை, சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை ஆகியவை பெயர் பெற்றவை. அங்கே காருக்கு வேண்டிய எல்லாம் கிடைக்கும். வேண்டாததும் கிடைக்கும்.

கடையில் விற்கும் பொருள் எல்லாம் சட்டப்படி சரியானது என்று எண்ணக்கூடாது. ஒரு பொருளை விற்பவர் வேறு. அதை மாட்டிக்கொண்டு சாலையில் ஓட்டுபவர் வேறு. அபராதம் கட்ட வேண்டியவர் காரின் சொந்தக்காரர்தான்.

பழைய காரை வாங்குபவர் எதைப் பார்க்கிறார்?

பழைய கார் வாங்க வருபவர் பயந்துகொண்டே வருகிறார். "இந்தக் கார் எங்காவது மோதியிருக்குமோ? உள்ளே ஏதாவது கோளாறு இருக்குமோ?" என்பதே அவருடைய கவலை. ஆகவே அவர் எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்க்கிறார்.

கதவில் புதுப் பெயிண்ட் இருந்தால், "டிங்கரிங் வேலை நடந்திருக்கிறது" என்று நினைக்கிறார். ஸ்டீரியோவுக்குப் பின்னால் டேப் சுற்றிய வயர்கள் தொங்கினால், "மின்சார வேலையில் கை வைத்திருக்கிறார்கள்" என்று நினைக்கிறார். சைலன்சர் சத்தமாக உறுமினால், "இதை ஓட்டியவர் வேகமாக ஓட்டியிருப்பார்" என்று நினைக்கிறார்.

இன்று பழைய கார் வியாபாரிகள் பெயிண்ட் எவ்வளவு தடிமன் என்று அளக்கும் சிறு கருவி வைத்திருக்கிறார்கள். மறுபடி பெயிண்ட் அடித்த இடத்தில் தடிமன் அதிகம் காட்டும். எனவே மறைக்கவும் முடியாது.

விற்பவர் சொல்வார்: "ஐயா, இந்த ஸ்டீரியோ மட்டும் இருபதாயிரம் ரூபாய் ஆச்சுங்க."

வாங்குபவர் சொல்வார்: "எனக்கு அது வேண்டாங்க. நீங்களே கழற்றிக்கொள்ளுங்க. விலையைக் குறைச்சுச் சொல்லுங்க."

இதுதான் உண்மை நிலை. வாங்குபவர் தொழிற்சாலையில் செய்த காருக்குத்தான் பணம் தருகிறார். முந்தைய சொந்தக்காரரின் ஆசைக்குப் பணம் தருவதில்லை.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

எந்த வேலை செய்வதற்கு முன்பும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று: இதை மறுபடி கழற்ற முடியுமா? கழற்றினால் கார் பழையபடி ஆகுமா?

இரண்டு: இதற்காகத் தகட்டில் துளை போட வேண்டுமா? வயரை வெட்ட வேண்டுமா?

மூன்று: இது ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருப்பதை மாற்றுமா? சட்டம் இதற்கு இடம் தருமா?

கழற்ற முடியும், துளை இல்லை, வெட்டு இல்லை, சட்டத்துக்கு மாறாக இல்லை என்றால் தாராளமாகச் செய்யலாம். மற்றவற்றில் நிதானம் தேவை.

தயங்காமல் செய்யக்கூடியவை

சீட் கவர்: இது சீட்டை அழுக்கிலிருந்து காக்கும். விற்கும்போது கழற்றினால் உள்ளே சீட் புதிதாக இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில கார்களில் சீட்டின் ஓரத்திலேயே காற்றுப்பை இருக்கும். இதை ஏர்பேக் என்பார்கள். மோதும்போது அது சீட்டைப் பிளந்துகொண்டு விரியும். முழுவதும் மூடிய சீட் கவர் அதைத் தடுக்கும். இப்படிப்பட்ட சீட்டுக்கென்று தனியாகத் தைத்த கவரையே வாங்க வேண்டும்.

கால் மிதி: மிதி நழுவாமல் கொக்கியில் மாட்ட வேண்டும். ஒரு மிதியின்மேல் இன்னொரு மிதி போடக்கூடாது. அது நகர்ந்து பிரேக்குக்கு அடியிலோ, ஆக்சிலரேட்டரின்மேலோ மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

பின்பக்க சென்சார்: கார் பின்னால் போகும்போது எதிரில் ஏதாவது இருந்தால் இது ஒலி எழுப்பும். 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் இது கட்டாயம். அதற்கு முந்தைய காரில் இதைச் சேர்த்தால் நல்லது. குழந்தைகள் விளையாடும் தெருவில் இது மிகவும் உதவும். இதற்கு பம்பரில் சிறு துளை போட வேண்டும். பம்பர் பிளாஸ்டிக் என்றால் துருப்பிடிக்காது. வாங்குபவரும் இதைக் குறையாக நினைக்க மாட்டார்.

துருத் தடுப்புப் பூச்சு: கடலோர ஊர்களிலும், மழை அதிகமான ஊர்களிலும் காரின் அடிப்பாகம் சீக்கிரம் துருப்பிடிக்கும். அடியில் பூச்சு அடித்தால் கார் நீண்ட நாள் உழைக்கும். கதவுகளின் அடியில் தண்ணீர் வடிய சிறு துளைகள் இருக்கும். பூச்சு அந்தத் துளைகளை அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கும். துரு உள்ளிருந்தே தின்னும்.

டயரில் எழுதியிருப்பதைப் படிக்கலாம்

அகலமான டயர் போட்டால் கார் எடுப்பாக இருக்கும். ஆனால் கண்ட டயரைப் போடக்கூடாது. டயரின் பக்கத்தில் எண்கள் இருக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்தால் யாரும் ஏமாற்ற முடியாது.

ஒரு டயரில் 155/80 ஆர் 13 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். 155 என்பது டயரின் அகலம். இது மில்லிமீட்டரில். 80 என்பது டயரின் பக்கச் சுவரின் உயரம். அகலத்தில் 100-க்கு 80 பங்கு உயரம் என்று பொருள். 13 என்பது நடுவில் உள்ள இரும்புச் சக்கரத்தின் அளவு. இது அங்குலத்தில்.

இப்போது கணக்குப் போடலாம். 155-இல் 100-க்கு 80 பங்கு 124. மேலும் கீழும் சேர்த்து 248 மில்லிமீட்டர். 13 அங்குலம் என்பது சுமார் 330 மில்லிமீட்டர். இரண்டும் சேர்ந்து 578. இதுதான் சக்கரத்தின் மொத்த உயரம்.

175/70 ஆர் 13 டயருக்கு இதே கணக்கு. 175-இல் 100-க்கு 70 பங்கு 122.5. இரண்டு பக்கமும் 245. அதோடு 330. மொத்தம் 575. அகலம் கூடினாலும் உயரம் கிட்டத்தட்ட அதேதான். வித்தியாசம் 3 மில்லிமீட்டர் மட்டுமே.

மொத்த உயரம் அதிகம் மாறினால் என்ன ஆகும்? வேகம் காட்டும் முள் தவறாகக் காட்டும். வண்டியைத் திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசும். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். அந்த மாடல் காருக்குத் தயாரிப்பாளர் அனுமதித்த அளவு எது என்று காரின் கையேட்டில் போட்டிருக்கும். ஓட்டுநர் பக்கக் கதவோரத்திலும் ஒட்டியிருக்கும். அந்த அளவைத் தாண்ட வேண்டாம்.

அலாய் வீல் போட்டால் பழைய இரும்புச் சக்கரங்களைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடக்கூடாது. நான்கையும் சாக்கில் கட்டி வீட்டில் வைக்க வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

வயரை வெட்டினால் வினை

காரில் நூற்றுக்கணக்கான வயர்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு வயரும் இவ்வளவு மின்சாரம்தான் தாங்கும் என்று கணக்குப் பார்த்துப் போட்டது.

முன் விளக்கை எடுத்துக்கொள்ளலாம். பல கார்களில் 60 வாட் பல்பு இருக்கும். காரின் மின்சாரம் 12 வோல்ட். 60-ஐ 12-ஆல் வகுத்தால் 5 ஆம்பியர். அந்த வயரில் 5 ஆம்பியர் மின்சாரம் ஓடும். வெளிச்சம் போதவில்லை என்று சிலர் 100 வாட் பல்பு போடுகிறார்கள். அப்போது 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். வயர் சூடாகும். பல்பு மாட்டும் பிளாஸ்டிக் உருகும். நாளடைவில் தீப்பிடிக்கவும் கூடும். எதிரே வருபவருக்குக் கண் கூசும். அவர் நேரே வந்து மோதினால் பாதிக்கப்படுவது இரண்டு குடும்பங்கள்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்றால் பெரிய ஃபியூஸ் போடக்கூடாது. கம்பி வைத்தும் கட்டக்கூடாது. எங்கோ கோளாறு இருக்கிறது என்று ஃபியூஸ் எச்சரிக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

ஸ்டீரியோ மாற்ற ஒரு நல்ல வழி இருக்கிறது. அந்த மாடல் காருக்கென்றே கப்ளர் கிடைக்கும். அதன் ஒரு முனை காரின் வயரில் பொருந்தும். மறுமுனை புதிய ஸ்டீரியோவில் பொருந்தும். வயரை வெட்டவே வேண்டாம். விலை சில நூறு ரூபாய்தான். "கப்ளர் போட்டு மாட்டுங்க, வயரை வெட்டாதீங்க" என்று மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

புதிய காரில் வயரை வெட்டினால் இன்னொரு நட்டமும் உண்டு. மின்சாரப் பகுதியில் பின்னால் கோளாறு வந்தால், தயாரிப்பாளர் இலவசமாகச் சரிசெய்ய மறுக்கலாம். வாரண்டி காலம் மீதி இருக்கும் காருக்குப் பழைய கார் சந்தையில் நல்ல மதிப்பு. அதை இழக்கலாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இந்தியா முழுவதற்கும் பொது. அதில் 52-ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்கள் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கின்றன. அந்த விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

2019-இல் சட்டம் மேலும் கடுமையானது. அனுமதி இல்லாத மாற்றம் செய்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம். ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையும் கிடைக்கலாம்.

சட்டத்தில் சிக்க வைக்கும் வேலைகள் சில:

கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டுவது. முன் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் குறைந்தது 100-க்கு 70 பங்கு வெளிச்சம் ஊடுருவ வேண்டும். பக்கக் கண்ணாடிகளில் 50 பங்கு ஊடுருவ வேண்டும். 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்புத் தாளுக்குத் தடை போட்டது.

முன்னால் இரும்புக் கம்பிச் சட்டம் மாட்டுவது. இது காரைக் காக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மை வேறு. கார் மோதும்போது முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். காற்றுப்பையும் சரியான நேரத்தில் விரிய வேண்டும். இரும்புச் சட்டம் இரண்டையும் கெடுக்கும். நடந்து போகிறவர்மேல் பட்டால் அடியும் பலமாக இருக்கும். 2017 டிசம்பரில் மத்திய அரசு இவற்றின்மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது.

சைலன்சரை மாற்றிச் சத்தம் கூட்டுவது. பல குரலில் அலறும் ஹாரன் வைப்பது. நம்பர் பிளேட்டில் அலங்கார எழுத்து எழுதுவது. இவையும் கூடாது.

ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துவது. இது சட்டத்துக்கும் ஆகாது, சாலைக்கும் ஆகாது. பள்ளத்தில் விழுந்தால் கார் தரையில் இடிக்கும். வளைவில் காரின் பிடிமானம் குறையும்.

காரின் நிறமும் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. நிறம் மாற்ற வேண்டுமானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று, புத்தகத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாவிட்டால் விற்கும் நாளில் காரும் புத்தகமும் ஒத்துப்போகாது. வாங்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார்.

கேஸில் ஓடும்படி மாற்றினால்

பெட்ரோல் செலவைக் குறைக்கப் பலர் சி.என்.ஜி. என்னும் இயற்கை எரிவாயுவுக்கு மாறுகிறார்கள். இதற்குச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் சில விதிகள் உண்டு.

அரசு ஒப்புதல் பெற்ற கருவியையே போட வேண்டும். அதை அனுமதி பெற்ற பட்டறையில் பொருத்த வேண்டும். பிறகு 14 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து, ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்ய வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டால், விபத்து நடக்கும்போது நட்ட ஈடு மறுக்கப்படலாம். கேஸ் உருளையை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். சோதித்த சான்றைக் காரிலேயே வைத்திருக்க வேண்டும்.

விற்பனை விலை ஊரைப் பொறுத்தது. தில்லி, மும்பை, குஜராத் போன்ற இடங்களில் கேஸ் நிரப்பும் நிலையங்கள் நிறைய உண்டு. அங்கே கேஸ் காருக்குக் கிராக்கி உண்டு. நிலையமே இல்லாத ஊரில் அதே கார் சுமைதான். டிக்கியில் உருளை அடைத்துக்கொண்டு பெட்டி வைக்க இடம் இருக்காது.

பணக் கணக்கு

ஒன்றும் செய்யாவிட்டாலும் காரின் விலை ஆண்டுதோறும் குறையும். காப்பீட்டு நிறுவனங்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. ஓராண்டு முடிந்த காருக்கு, இரண்டாம் ஆண்டு முடியும்வரை, 100-க்கு 20 பங்கு கழிவு. நான்கு ஆண்டு முடிந்தால், ஐந்தாம் ஆண்டு முடியும்வரை 50 பங்கு கழிவு. 5 லட்சம் ரூபாய்க் கார் அப்போது இரண்டரை லட்சம் ஆகிறது. இதன்மேல் சொந்தச் செலவில் இன்னும் குறைக்கலாமா?

அண்ணன், தம்பி இருவரை எண்ணிக்கொள்ளலாம். இருவரும் ஒரே மாதிரிக் கார் வாங்கினார்கள். இருவரும் 60,000 ரூபாய் செலவு செய்தார்கள். (இந்தத் தொகைகள் கணக்குக்காகச் சொல்பவை. ஊருக்கு ஊர் மாறும்.)

அண்ணனின் செலவு: அலாய் வீல் 28,000. ஸ்டீரியோ 12,000. சீட் கவர் 8,000. துருத் தடுப்பு 5,000. சென்சார் 4,000. கால் மிதி 3,000. மொத்தம் 60,000.

தம்பியின் செலவு: நிறம் மாற்ற 35,000. சத்தச் சைலன்சர் 10,000. பெரிய விளக்கு 8,000. இரும்புச் சட்டம் 7,000. மொத்தம் 60,000.

ஐந்து ஆண்டுக்குப் பிறகு இருவரும் விற்றார்கள். அண்ணன் பழைய சக்கரங்களையும் பழைய ஸ்டீரியோவையும் திரும்ப மாட்டினார். அலாய் வீலைத் தனியாக 12,000 ரூபாய்க்கு விற்றார். ஸ்டீரியோவை அடுத்த காருக்கு வைத்துக்கொண்டார். காருக்கு முழு விலை கிடைத்தது. அவருக்கு நின்ற செலவு 48,000. அதற்கு ஐந்து ஆண்டு சுகமாக அனுபவித்தார்.

தம்பியின் காரைப் பார்க்க வந்தவர் நிறத்தைக் கண்டு சந்தேகப்பட்டார். சைலன்சரை மாற்ற வேண்டும் என்றார். வயரைச் சரிசெய்ய வேண்டும் என்றார். விலையில் 40,000 குறைத்துக் கேட்டார். தம்பிக்கு 60,000-உம் போயிற்று, 40,000-உம் போயிற்று. மொத்தம் ஒரு லட்சம். இடையில் கட்டிய அபராதம் தனி.

இருவரும் ஒரே தொகைதான் செலவழித்தார்கள். அண்ணன் செய்தவை கழற்றக்கூடியவை, அல்லது காரைக் காப்பவை. தம்பி செய்தவை எளிதில் திருப்ப முடியாதவை.

ஒரு சாக்கும் ஒரு கோப்பும்

கழற்றிய பழைய பொருள்களை ஒரு சாக்கில் போட்டு வைக்க வேண்டும். சக்கரம், ஸ்டீரியோ, பல்பு, போல்ட் எதையும் எறியக்கூடாது. விற்கும் நாளில் அவையே காருக்கு மதிப்பு.

ரசீதுகளை ஒரு கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும். ஒவ்வொரு சர்வீஸ் ரசீதும் வேண்டும். டயர், பேட்டரி ரசீதும் வேண்டும். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், என்ன வேலை நடந்தது என்று ஒரு நோட்டிலும் எழுதி வரலாம். வாய்ச்சொல்லை வாங்குபவர் நம்ப மாட்டார். எழுத்தை நம்புவார்.

விற்ற பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. காரை வாங்கியவர் பெயருக்கு மாற்ற வேண்டும். இதற்குப் படிவம் 29, படிவம் 30 இரண்டும் உண்டு. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடக்கூடாது. பெயர் மாறாமல் இருந்தால், புதிய ஆள் செய்யும் விபத்துக்கும் பழைய சொந்தக்காரரே பதில் சொல்ல வேண்டி வரும்.

நினைவில் வைக்க

கழற்றக்கூடியதைச் சேர்க்கலாம்.
தகட்டைத் துளைக்க வேண்டாம். வயரை வெட்ட வேண்டாம்.
ஆர்.சி. புத்தகமும் காரும் எப்போதும் ஒத்திருக்க வேண்டும்.
பழைய பொருள் சாக்கில், ரசீது கோப்பில்.

பேசிப் பாருங்கள்

1. பழைய கார் வாங்க வருபவர் எதை எதைப் பார்த்துச் சந்தேகப்படுவார்?
2. 100 வாட் பல்பு போட்டால் வயர் ஏன் சூடாகிறது?
3. உங்கள் ஊரில் ஓடும் ஒரு வண்டியின் டயரில் உள்ள எண்களைப் படித்து எழுதுங்கள். அதன் மொத்த உயரம் எவ்வளவு?
4. கேஸ் கருவி பொருத்திய பிறகு எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்? யாரிடம்?
5. தம்பி தன் 60,000 ரூபாயை வேறு எப்படிச் செலவு செய்திருக்கலாம்?